ஒரே மாதிரி தெரியும் எட்டு ஹேண்ட்லர்கள்

ஆர்டர் பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல், இன்வாய்ஸ் பட்டியல் என்று 8 பட்டியல் பக்கங்கள் உள்ள ஒரு வெப் அப்ளிகேஷனை எடுத்துக்கொள்வோம். சர்வரில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஹேண்ட்லர், அதாவது அந்தப் பக்கத்துக்கான ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் ஃபங்ஷன். ஒவ்வொன்றும் சுமார் 40 வரி. வந்தவர் லாகின் செய்திருக்கிறாரா என்று பார்க்கும். யூஆர்எல்லில் இருந்து பக்க எண்ணை எடுக்கும். அந்தப் பக்கத்துக்கான பதிவுகளை டேட்டாபேஸில் கேட்கும், மொத்தம் எத்தனை என்று இன்னொரு முறை கேட்கும். தேதிகளை வடிவமைத்து ஜேசானாக அனுப்பும். நடுவில் எது உடைந்தாலும் பிடித்து 500, அதாவது ‘சர்வரில் கோளாறு’, என்று பதில் சொல்லும். முதல் ஹேண்ட்லரை எழுதியவர் யோசித்து எழுதியிருப்பார். மற்றவை அதன் நகல்கள், டேபிள் பெயர் மட்டும் மாறியிருக்கும்.

டேபிள் பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இந்த மாதிரி நிரலைச் சுத்தம் செய்யும் வேலை பெரும்பாலும் தொடங்குகிறது. தவறும் அங்கேயே தொடங்குகிறது. நகல்களில் அச்சு அசலாக ஒத்துப்போகும் 35 வரிகளில் பெரிய சிக்கல் ஏதுமில்லை. ஒத்துப்போகாத 5 வரிகளில்தான் வேலையே இருக்கிறது. அவற்றில் ஒவ்வொன்றும் யாரோ கேட்டு வாங்கிய தேவையாக இருக்கலாம், அல்லது யாரோ மறந்துபோன பிழையாக இருக்கலாம். எது எது என்று பிரிக்காமல் எட்டையும் ஒன்றாக்கினால், தேவை காணாமல் போகும், அல்லது ஒரு இடத்தில் இருந்த பிழை எட்டு இடத்துக்கும் போகும்.

அதனால் முதல் நாள் ஒரு வரியும் எழுத வேண்டாம். நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் டிஃப் கட்டளையை நோ-இண்டெக்ஸ் தெரிவோடு ஓட்டினால், கிட்டில் வரலாறு பகிராத இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். அதோடு வேர்ட்-டிஃப் தெரிவையும் சேர்த்தால், வரியில் மாறிய சொல் மட்டும் தனியாகத் தெரியும். முதல் ஹேண்ட்லரை அடிப்படையாக வைத்து மற்ற ஏழையும் அதோடு ஒப்பிடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு வித்தியாசத்தையும் ஒரு அட்டவணையில் எழுதுங்கள்.

அப்படி எழுதும்போது என்னென்ன வெளியே வரும்? பக்கத்துக்கு அதிகபட்சம் 100 பதிவு என்ற வரம்பு ஐந்தில் இருக்கும், மூன்றில் இருக்காது. அந்த மூன்றில் யாராவது ஒரு லட்சம் பதிவு கேட்டால் சர்வர் தட்டுத்தடுமாறி அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டில், எரர் வந்தால் டேட்டாபேஸ் சொன்ன செய்தியே அப்படியே பயனருக்குப் போகும், டேபிள் பெயர், நெடுவரிசைப் பெயர் உட்பட. ஒன்றில் வரிசைப்படுத்தும் வரியே இருக்காது. கடைசியாக, இருப்பதிலேயே ஆபத்தானது: ஏழு ஹேண்ட்லர்களில் ‘இந்தப் பயனரின் நிறுவனத்துக்குச் சொந்தமான பதிவுகள் மட்டும்’ என்ற நிபந்தனை இருக்கும், எட்டாவதில் விட்டுப்போயிருக்கும். வெப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2021 ஆபத்துப் பட்டியலில் அணுகல் கட்டுப்பாடு உடைவது முதல் இடத்தில் இருக்கிறது. காப்பி-பேஸ்ட்டில் தவறிப்போகும் ஒரே ஒரு நிபந்தனையும் அதே வகைதான்.

அட்டவணையில் ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் பக்கத்தில் ‘வேண்டும்’, ‘மறந்தது’, ‘தெரியவில்லை’ என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். ‘தெரியவில்லை’ என்பதற்கு கிட் வரலாறு உதவும். கிட் லாக் கட்டளையில் பெரிய எஸ் தெரிவோடு அந்தச் சொல்லைக் கொடுத்தால், அது எந்தக் கமிட்டில் (பதிவு செய்த மாற்றத்தில்) நுழைந்தது, எதில் நீங்கியது என்று காட்டும். கமிட் செய்தியில் காரணம் எழுதியிருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தை தினமும் பயன்படுத்துகிறவரிடம் கேட்பதுதான் வழி. அதுவும் பலிக்கவில்லை என்றால் அந்த வித்தியாசத்தை அப்படியே காப்பாற்றிக்கொண்டு போங்கள். சுத்தம் செய்யும் வேலையின் நடுவில் ஊகித்து மாற்றுவது கூடாது.

‘மறந்தது’ என்று குறித்தவற்றை, ஒன்றாக்கும் வேலைக்கு முன்பே, தனித்தனி கமிட்டாகச் சரிசெய்துவிடுங்கள். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நிரலின் அமைப்பை மாற்றும் கமிட்டில் நடத்தை மாறக்கூடாது. இரண்டும் ஒரே கமிட்டில் இருந்தால் ரிவ்யூ செய்கிறவர் 300 வரி இடமாற்றத்துக்குள் புதைந்திருக்கும் ஒரு நிபந்தனை மாற்றத்தைக் கவனிக்க மாட்டார். பின்னால் எதுவோ உடைந்து எந்தக் கமிட்டில் உடைந்தது என்று தேடும் கிட் பைசெக்ட் ஓட்டினாலும் அது இந்த ஒற்றைப் பெரிய கமிட்டில் வந்து நிற்கும். அதற்குமேல் எங்கே தேடுவது என்று தெரியாது.

நடத்தை மாறவில்லை என்று எப்படித் தெரியும்? டெஸ்ட் இல்லாத நிரலில் இதற்கு எளிமையான வழி, இப்போது என்ன பதில் வருகிறதோ அதையே பதிவு செய்து வைப்பது. சரியா தவறா என்ற கேள்வி அங்கே வேண்டாம். ஒவ்வொரு ஹேண்ட்லருக்கும் 7 ரிக்வெஸ்ட்: லாகின் இல்லாமல், பக்க எண் இல்லாமல், பக்க எண் 0, பக்க எண் -1, பக்க எண்ணுக்குப் பதில் எழுத்துகள், அளவு 5000, பிறகு ஒரு சாதாரண ரிக்வெஸ்ட். 8 ஹேண்ட்லருக்கு 56 பதில்கள். ஸ்டேட்டஸ் எண், கன்டென்ட்-டைப் ஹெடர், பதிலின் உடல் மூன்றையும் கோப்பில் எழுதுங்கள். நேரம், ரிக்வெஸ்ட் ஐடி போல ஒவ்வொரு முறையும் மாறுகிறவற்றை எழுதுமுன் நிலையான சொல்லாக மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் டெஸ்ட் காரணமில்லாமல் விழும். இதை அமைக்க அரை நாள் ஆகலாம். அந்த அரை நாளுக்குப் பிறகு மீதி வேலையைப் பயமில்லாமல் செய்யலாம்.

பக்க எண் என்ற சின்ன விஷயம்

எதிலிருந்து தொடங்குவது என்றால், வேறு எதையும் சாராத சின்னத் துண்டிலிருந்து. இங்கே அது பக்க எண்ணைப் படிக்கும் பகுதி. பார்க்க மூன்று வரிதான். ஆனால் எட்டு இடத்தில் எட்டு விதமாகத் தவறக்கூடியது இதுவே.

யூஆர்எல்லில் இருந்து வருவது எப்போதும் எழுத்துச் சரம். ஜாவாஸ்கிரிப்டில் அதை எண்ணாக்க பார்ஸ்-இன்ட், நம்பர் என்ற இரண்டு வழியையும் கலந்து பயன்படுத்துவார்கள். இரண்டும் ஒன்றல்ல. 12-க்குப் பின்னால் எழுத்துகள் ஒட்டியிருந்தால் பார்ஸ்-இன்ட் சத்தமில்லாமல் 12 என்று தரும், நம்பர் ‘எண் அல்ல’ என்று தரும். வெற்றுச் சரத்துக்கு நம்பர் 0 தரும், பார்ஸ்-இன்ட் ‘எண் அல்ல’ என்று தரும். எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் சர்வர் கட்டமைப்பில், யூஆர்எல்லில் பக்க எண்ணை இரண்டு முறை எழுதினால் சரத்துக்குப் பதில் அர்ரே வந்து நிற்கும். பக்க எண் 0 என்று வந்தால், ஒன்றைக் கழித்து அளவால் பெருக்கும்போது ஆஃப்செட் (எத்தனை பதிவுகளைத் தாண்டி எடுப்பது என்ற எண்) எதிர்ம எண்ணாகிவிடும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் அதை ஏற்காமல் எரர் கொடுக்கும், பயனருக்கு 500 போகும். தவறு அனுப்பியவருடையது, ஆனால் சர்வர் உடைந்ததாகப் பதிவாகும். நள்ளிரவில் யாரோ ஒருவருக்கு அலர்ட் அடிக்கும்.

இதற்கு ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். இரண்டு சரங்களை வாங்கும்: பக்கம், அளவு. முழு எண்ணா என்று பார்க்கும். ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரே ஒரு முறை முடிவெடுக்கும்: 400 (தவறான ரிக்வெஸ்ட்) என்று மறுக்கலாம், அல்லது 1 என்று எடுத்துக்கொள்ளலாம். எது என்பதைவிட எட்டுப் பக்கத்திலும் அதேதான் என்பது முக்கியம். அளவை 100-க்குள் அடக்கும். பக்கம், அளவு, ஆஃப்செட் மூன்றையும் திருப்பித் தரும்.

அந்த ஃபங்ஷனுக்கு ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட் முழுவதையும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் இன்று பக்க எண்ணை மட்டும் படிக்கும், அடுத்த மாதம் யாரோ அதிலேயே பயனரின் மொழியையும் படிப்பார்கள், அதற்கடுத்து குக்கியை. டெஸ்ட் எழுதவும் போலி ரிக்வெஸ்ட் ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கும். இரண்டு சரம் வாங்கும் ஃபங்ஷனுக்கு 10 டெஸ்ட்டை 5 நிமிடத்தில் எழுதிவிடலாம்.

பக்கம் பிரிப்பதோடு சேர்ந்த இன்னொன்று வரிசை. ‘புதியது முதலில்’ என்று உருவாக்கிய நேரத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால், ஒரே நேரம் கொண்ட பதிவுகளுக்குள் எது முன்னால் என்று டேட்டாபேஸ் எந்த உத்தரவாதமும் தராது. மொத்தமாக இறக்குமதி செய்த 500 பதிவுகளுக்கு ஒரே நேரம் இருந்தால், முதல் பக்கத்தில் பார்த்த பதிவு இரண்டாம் பக்கத்திலும் வரும், வேறொன்று எங்குமே வராது. நேரத்துக்கு அடுத்து ஐடியையும் வரிசையில் சேர்த்தால் தீர்ந்தது. எட்டு இடத்தில் சேர்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஒரே இடம் என்றால் சேர்த்துவிடுவார்கள்.

எரர், லாகின்

ஒவ்வொரு ஹேண்ட்லரிலும் எரரைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் இருப்பதற்கு எக்ஸ்பிரஸ் 4-இல் நியாயமான காரணம் உண்டு: அசிங்க் ஃபங்ஷனில் எழும் எரர் தானாக எரர் ஹேண்ட்லருக்குப் போகாது. ஹேண்ட்லரை வாங்கி, ஓட்டி, தோற்றால் அடுத்ததற்குக் கடத்தும் நான்கு வரி உறை ஒன்று போதும், எட்டு ட்ரை-கேட்ச்சும் போய்விடும். 2024-இல் வந்த எக்ஸ்பிரஸ் 5 இதைத் தானே செய்கிறது.

பொதுவான எரர் ஹேண்ட்லர் எழுதும்போது இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். எக்ஸ்பிரஸ், ஃபங்ஷனுக்கு எத்தனை அளவுருக்கள் என்று எண்ணித்தான் அது எரர் ஹேண்ட்லரா என்று முடிவு செய்கிறது. நான்கு இருக்க வேண்டும். நான்காவதைப் பயன்படுத்தவில்லையே என்று நிரலைச் சோதிக்கும் லின்ட்டர் குறை சொல்ல, அதை நீக்கினால், அது சாதாரண மிடில்வேராக, அதாவது ஹேண்ட்லருக்கு முன் ஓடும் இடைநிலை ஃபங்ஷனாக, மாறிவிடும், எரர்கள் அதைத் தாண்டிப் போய்விடும். இரண்டாவது, அதை எல்லா ரூட்டுகளுக்கும் (எந்த யூஆர்எல்லுக்கு எந்த ஹேண்ட்லர் என்ற பதிவுகள்) பிறகு கடைசியாகப் பதிவு செய்ய வேண்டும். எரர் பதிலின் வடிவத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஆர்எஃப்சி 9457 என்ற 2023 தரநிலை டைப், டைட்டில், ஸ்டேட்டஸ், டீடெய்ல், இன்ஸ்டன்ஸ் என்று ஐந்து புலங்களை வரையறுத்திருக்கிறது. டேட்டாபேஸ் செய்தி லாகில் போகட்டும், பயனருக்குப் போக வேண்டாம்.

லாகின் சோதனையை ஒவ்வொரு ஹேண்ட்லரின் முதல் வரியாக எழுதும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். அப்படி எழுதினால் மறந்தவருக்குக் கதவு திறந்தே இருக்கும். ரூட்டர் அளவில் ஒரே முறை போட்டால் மறந்தவருக்குக் கதவு மூடியிருக்கும். திறக்க வேண்டிய சில பக்கங்களை மட்டும் வெளிப்படையாகக் குறிக்கலாம். ரூபி மொழியின் ரெயில்ஸ் கட்டமைப்பில் பிஃபோர்-ஆக்‌ஷனை அடிப்படைக் கன்ட்ரோலரில் போடுவார்கள். பைதான் மொழியின் ஜாங்கோ 5.1-இல் லாகினைக் கட்டாயமாக்கும் மிடில்வேரே வந்துவிட்டது. அதற்கு முந்தைய மிக்ஸினை (வியூ எனப்படும் ஹேண்ட்லர் கிளாஸோடு சேர்க்கும் துணைக் கிளாஸ்) பயன்படுத்தினால் அது கிளாஸ் பட்டியலில் இடதுகோடியில் இருக்க வேண்டும், வியூவுக்கு வலப்பக்கம் எழுதினால் சோதனை நடக்காது.

ஆனால் மிடில்வேரால் ஒரு எல்லைக்கு மேல் முடியாது. வந்தவர் யார் என்று அது சொல்லும். இந்த இன்வாய்ஸ் அவருடையதா என்று அதற்குத் தெரியாது, ஏனென்றால் இன்வாய்ஸை இன்னும் எடுக்கவே இல்லை. அந்த நிபந்தனை டேட்டாபேஸைக் கேட்கும் குவெரியிலேயே இருக்க வேண்டும். நிறுவன ஐடியைக் கொடுக்காமல் குவெரியைத் தொடங்கவே முடியாதபடி ஒரு ஃபங்ஷன் வையுங்கள். டேபிளை நேரடியாகத் தொடுவதை ரிவ்யூவில் தடுங்கள்.

ஒன்றாக்கக் கூடாதவை

இவ்வளவும் செய்த பிறகு ஒரு ஆசை வரும்: எட்டு ஹேண்ட்லருக்கும் பதில் ‘பட்டியல் கொடு’ என்று ஒரே ஃபங்ஷன் எழுதிவிடலாமே? டேபிள் பெயரைக் கொடுத்தால் போதுமே? ஆர்டருக்கு மொத்தத் தொகை வேண்டும், அதற்கொரு ஆம்-இல்லை அளவுரு. லாக் பட்டியலில் மொத்த எண்ணிக்கை கேட்டால் மெதுவாகிறது, அதற்கொன்று. நீக்கிய வாடிக்கையாளர்களை மறைக்க ஒன்று. ஏற்றுமதிக்கு வரம்பு வேண்டாம், அதற்கொன்று. நான்கு அளவுருக்கள் ஆனதும் 16 விதமான சேர்க்கைகள். அவற்றில் பாதிக்கும் குறைவானவைதான் உண்மையில் யாராலும் அழைக்கப்படும், மீதி யாரும் சோதிக்காமல் கிடக்கும். அழைக்கும் இடத்தில் ‘ஆம், இல்லை, இல்லை, ஆம்’ என்று இருக்கும். படிப்பவர் ஒவ்வொரு முறையும் அந்த ஃபங்ஷனைத் திறந்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஆர்டர் பக்கத்துக்காகச் செய்த மாற்றம் இன்வாய்ஸ் பக்கத்தை உடைக்கும்.

பக்க எண், குவெரியின் தொடக்கம், தேதி வடிவம், பதிலின் உறை என்று சின்னத் துண்டுகளை வைத்து, ஒவ்வொரு ஹேண்ட்லரும் அவற்றைத் தன் தேவைக்கேற்பக் கோத்துக்கொள்ளட்டும். ஹேண்ட்லர் 10, 12 வரி இருக்கும். மேலிருந்து கீழே படித்தால் புரியும். அந்த 12 வரிகள் எட்டிலும் கொஞ்சம் ஒத்திருக்கும். இருக்கட்டும். ஏற்கெனவே அந்தப் பெரிய ஃபங்ஷன் எழுதப்பட்டுவிட்டதென்றால், அதன் உடலை அழைக்கும் ஒவ்வொரு இடத்திலும் திரும்ப ஒட்டி, அந்த இடத்தில் ஒருபோதும் ஓடாத கிளைகளை வெட்டிவிட்டு, மிச்சமிருப்பதைப் பாருங்கள். உண்மையில் பொதுவானது எது என்று அப்போது தெரியும். பின்னால் போவதுபோலத் தோன்றினாலும் இதைவிடக் குறுக்கு வழி இல்லை.

திரும்பச் சொல்லாதே என்ற டிஆர்ஒய் கொள்கையை ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் இருவரும் 1999-இல் எழுதியபோது பேசியது வரிகளைப் பற்றி அல்ல, அறிவைப் பற்றி: ஒரு அறிவுக்கு அமைப்புக்குள் அதிகாரபூர்வமான இடம் ஒன்றுதான் இருக்க வேண்டும். பாஸ்வேர்ட் குறைந்தது 8 எழுத்து, கூப்பன் குறியீடும் குறைந்தது 8 எழுத்து என்றால் இரண்டு சோதனையும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும். ஆனால் அவை இரண்டு வேறு முடிவுகள். பாதுகாப்புக்காக ஒன்றை 12 ஆக்கும் நாளில் மற்றது ஏன் மாற வேண்டும்? அதற்கு நேர்மாறாக, விற்பனை வரி விகிதம் எஸ்க்யூஎல்லில் ஒரு வடிவிலும் ஜாவாஸ்கிரிப்டில் வேறொரு வடிவிலும் இருந்தால், ஒரு எழுத்துகூட ஒத்திருக்காது. ஆனால் அது ஒரே முடிவு. விகிதம் மாறினால் இரண்டையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும்.

நகல் தேடும் கருவிகளின் எல்லையும் இதுதான். ஜேஎஸ்சிபிடி தானாக 5 வரி, 50 டோக்கன் (நிரலின் சொல், குறி போன்ற துண்டு) என்ற அளவிலிருந்து நகல்களைக் காட்டும். சோனார்கியூப் பெரும்பாலான மொழிகளுக்கு 10 வரி, 100 டோக்கன் என்று வைத்திருக்கிறது. எங்கே பார்க்கலாம் என்று அவை சுட்டிக்காட்டும். நகல் சதவீதத்தைக் குறைப்பதே இலக்கு என்று வைத்துக்கொண்டால், கூப்பனையும் பாஸ்வேர்டையும் சேர்த்துக் கட்டிவிடுவீர்கள், வரி விகிதம் இரண்டு இடத்திலேயே கிடக்கும்.

பதிவைத் திருத்தும் ஹேண்ட்லர்களை ஒன்றாக்கும்போது இன்னும் கவனம் தேவை. வந்த ஜேசானில் இருக்கும் எல்லாப் புலங்களையும் டேபிளில் எழுதும் பொதுவான ஃபங்ஷன் மிகச் சுத்தமாகத் தெரியும். யாராவது ‘அட்மின்: ஆம்’ என்று ஒரு புலத்தைச் சேர்த்து அனுப்பினால் அதையும் எழுதிவிடும். 2012 மார்ச்சில் கிட்ஹப் தளத்தில் ஒருவர் இந்த வகை ஓட்டை வழியாக வேறொரு திட்டத்தில் நிரலை மாற்ற அனுமதி தரும் தன் சாவியைச் சேர்த்துக் காட்டினார். அடுத்த ஆண்டு வந்த ரெயில்ஸ் 4, எந்தப் புலங்களை ஏற்கலாம் என்று வெளிப்படையாக எழுதச் சொன்னது. அந்தப் புலப் பட்டியல் ஒவ்வொரு ஹேண்ட்லரிலும் திரும்பத் திரும்ப வரத்தான் வேண்டும்.

பிரவுசர் பக்கத்தில் சுருக்கமாக இரண்டு. சர்வரைக் கேட்கும் ஃபெட்ச் ஃபங்ஷன், 404 அல்லது 500 வந்தால் தோற்காது. நெட்வொர்க் அறுவது போன்ற சமயங்களில்தான் தோற்கும். ஓகே என்ற புலத்தைப் பார்க்கும் சோதனை பாதி இடங்களில் விட்டுப்போயிருக்கும். அதை ஒரே ஃபங்ஷனில் போர்த்துங்கள். தேடல் பெட்டியில் வேகமாகத் தட்டச்சு செய்யும்போது பழைய பதில் தாமதமாக வந்து புதியதை அழிக்கும் சிக்கலையும் அங்கேயே பழைய ரிக்வெஸ்டை ரத்து செய்யும் அபார்ட் கன்ட்ரோலரைக் கொண்டு தீர்க்கலாம். அடுத்தது, நிலைக்கேற்ப நிறமும் பெயரும் தரும் நீண்ட இஃப்-எல்ஸ் சங்கிலிகள். அவற்றை அட்டவணையாக மாற்றுவது நல்லதுதான், ஆனால் சாதாரண ஆப்ஜெக்டில் வெளியிலிருந்து வரும் சாவியைக் கொண்டு தேடினால், ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்ற சாவிக்கும் ஏதோ ஒன்று கிடைக்கும். அதற்குப் பதில் ஜாவாஸ்கிரிப்டின் மேப் பயன்படுத்துங்கள்.

மாற்றும்போது ஒரு கமிட்டுக்கு ஒரு ஹேண்ட்லர். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அந்த 56 பதில்களை ஒப்பிடுங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள்: நான்கு பழைய வழியிலும் நான்கு புதிய வழியிலும் இருந்தால், ஒன்பதாவது பக்கம் எழுத வருகிறவர் எதைப் பார்த்து எழுதுவார் என்று சொல்ல முடியாது. எட்டும் முடிந்ததும் கிட் கிரெப் ஓட்டி பழைய ஃபங்ஷனை அழைக்கும் இடம் எங்கும் மிச்சமில்லை என்று பார்த்து, அதை அழித்துவிடுங்கள்.

டெஸ்ட் கோப்புகளை மட்டும் இந்த வேலையில் சேர்க்க வேண்டாம். அங்கே ஒவ்வொரு டெஸ்ட்டும் தன்னளவில் படித்துப் புரியும்படி இருக்க வேண்டும், திரும்ப வரும் வரிகள் அதற்கு உதவும். குறிப்பாக, எதிர்பார்க்கும் மதிப்பைக் கணக்கிட அதே பொது ஃபங்ஷனை அழைக்காதீர்கள். ஆஃப்செட் கணக்கு ஒன்று தள்ளிப்போயிருந்தால் டெஸ்ட்டிலும் அதே அளவு தள்ளிப்போய் இரண்டும் ஒத்துப்போகும், டெஸ்ட் பச்சையாகவே நிற்கும். மூன்றாம் பக்கம், அளவு 10 என்றால் ஆஃப்செட் 20 என்று கையால் எழுதுங்கள்.